ஒன்பதாம் பக்கத்தில் ஏழு கையெழுத்து

தேசிய சபையில் முன்னூற்றுப் பத்து உறுப்பினர்கள். அன்று மாலை நான்கு மணிக்கு அவர்கள் கை தூக்கி நிறைவேற்றப் போகும் பொது நில மாற்ற மசோதாவை வரி விடாமல் படித்திருந்த ஆள் ஒரே ஒருவர்தான். அவர் உறுப்பினர் இல்லை. பஸ் டிரைவர்.

காலை பதினோரு மணிக்கு, சபைக் கட்டடத்தின் பின்பக்கக் கேன்டீனில், அவர் எங்கள் எதிரே உட்கார்ந்திருந்தார். லீவு போட்டுவிட்டு வந்தவர் யூனிஃபார்ம் சட்டையோடுதான் வந்திருந்தார். பிளாஸ்டிக் ஃபைலிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து, மேஜையில் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு வைத்தார்.

"இது பழைய ஒன்பதாம் பக்கம்மா. ரெண்டு மாசம் முன்னாடி சபையோட மசோதாக் குழுவே எங்க சங்கத்துக்கு அனுப்பினது. இது நேத்து கவுன்டர்ல வாங்கினது. அச்சான மசோதா. ரெண்டும் வேற வேற."

மேடம் இரண்டையும் கையில் எடுத்தார். எங்கள் துப்பறியும் ஆபீசில் இருப்பது மொத்தம் இரண்டு பேர். மேடம் இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பக்கம் கட்டியவர். நான் பதினாலு வருஷம் இன்சூரன்ஸ் விற்றவன். யோசிப்பது அவர் வேலை, வாயடிப்பது என் வேலை. சம்பளம் வாய்க்குத் தகுந்த மாதிரி இல்லை என்பது வேறு விஷயம்.

விஷயம் இதுதான். ஊரோரத்தில் மூடிக் கிடக்கும் பழைய ரயில் பணிமனை. அரசாங்க நிலம், நாற்பது ஏக்கர். அதில் பணிமனைத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருநூற்றுப் பதினாலு வீடுகளில் இருக்கிறார்கள். ஒருவர் கையிலும் பத்திரம் கிடையாது. பதினோரு வருஷம் மனு மேல் மனு போட்டு, செருப்புத் தேய நடந்து, கடைசியில் நாற்பது ஏக்கரையும் குடியிருப்போர் சங்கத்துக்கே மாற்றித் தரும் மசோதா வந்தது. அந்தச் சங்கத்தின் செயலாளர்தான் இந்த டிரைவர். எந்த நிலம், எவ்வளவு, யாருக்கு என்பதெல்லாம் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

பழைய பக்கத்தில் நாற்பது ஏக்கரும் சங்கத்துக்கு. புதிய பக்கத்தில் சங்கத்துக்கு இருபத்தெட்டுதான். மெயின் ரோட்டை ஒட்டிய பன்னிரண்டு ஏக்கர் ஏதோ ஒரு பொதுநல அறக்கட்டளைக்கு.

"அந்தப் பன்னிரண்டு ஏக்கர்ல எத்தனை வீடு?" என்றார் மேடம்.

"தொண்ணூறு. என் வீடு அதுல இருக்கு. என் பொண்ணைக் கட்டிக் குடுத்த வீடும் அதுலதான் இருக்கு."

"அறக்கட்டளை யாரோடது?"

டிரைவர் முந்தின இரவே போனில் சொல்லியிருந்ததால், நான் காலையிலேயே விசாரித்திருந்தேன். "தலைவி ஒரு அம்மா. ஆரம்பிச்சு ஆறு வாரம்தான் ஆகுது. இதுவரைக்கும் பொதுநலத்துக்காக ஒரு பல்பு கூட மாத்தினதில்லை. யாருன்னே ஒருத்தருக்கும் தெரியலை."

"இன்னிக்கு சபையோட கடைசி நாளும்மா," என்றார் டிரைவர். "நாளைக்குக் கலைச்சிடுறாங்க. அடுத்த மாசம் தேர்தல். இன்னிக்கு நிறைவேறலைன்னா மசோதா செத்துப் போயிடும். இப்படியே நிறைவேறினா தொண்ணூறு வீடு போயிடும்."

மேடம் டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

மசோதாப் பிரிவு மூன்றாவது மாடியில். அதன் அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. சாவிக்கொத்தை விரலில் மாட்டிக்கொண்டே பேசினார்.

"குழுவுல ஏழு பேர். எல்லாப் பக்கத்துலயும் ஏழு பேரும் இனிஷியல் போட்டு, எத்தனாவதாப் போட்டோம்னு எண்ணும் குறிச்சுத்தான் எங்ககிட்ட வரும். எதுல ஏழு இனிஷியல் இருக்கோ அதுதான் மசோதா. இவர் வச்சிருக்கிறது வெறும் பேப்பர், மேடம்."

"ஒன்பதாம் பக்கம் மட்டும் தனியா வந்துச்சா?"

அந்தம்மா கொஞ்சம் தயங்கினார். "ஆமா. மூணு வாரம் முன்னாடி, 'திருத்திய பக்கம்'னு ஒரு கவர். குழு அறைத் தட்டுல இருந்துச்சு. யார் வச்சாங்கன்னு தெரியாது. ஏழு கையெழுத்தும் அசல். அஞ்சு வருஷமா பாக்குறேன், எனக்குத் தெரியாதா?"

இரும்பு பீரோவிலிருந்து மூலப் பிரதி வந்தது. மேடம் எட்டாம் பக்கத்தைப் பார்த்தார். ஒன்பதைப் பார்த்தார். பத்தைப் பார்த்தார். மறுபடி எட்டு. அப்புறம் தனக்குள் சிரித்துக்கொண்டார். மேடம் இப்படிச் சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம்.

"இந்த மூணு பக்கத்துக்கும் ஒரு நகல் கிடைக்குமா? அப்புறம், அச்சான மசோதாவுல தப்பு இருந்தா கடைசி நேரத்துல எப்படித் திருத்துவாங்க?"

"பிழைதிருத்தச் சீட்டு ஒண்ணு இருக்கு. ஏழு பேரும் கையெழுத்துப் போட்டு, ஓட்டெடுப்புக்கு முன்னாடி குடுக்கணும். ஏழுல ஒண்ணு குறைஞ்சாலும் செல்லாது."

நகல்களோடு வெளியே வந்ததும், "என்ன கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"முதல்ல இந்த ஏழு மேதாவிகளும் எவ்வளவு படிச்சிருக்காங்கன்னு பாப்போம். நான் என்ன சொன்னாலும் நீ முகத்தை மாத்தாம நில்லு."

"என் முகத்துல மாத்த என்ன இருக்கு?"

முதலில் குழுத் தலைவர். அவருடைய அறையில் எட்டுப் பேர் படுத்துத் தூங்கலாம் போன்ற மேஜை. அதன் மேல் ஒரு காகிதம் கிடையாது. உழைப்பவர்களின் மேஜையைப் பார்த்திருக்கிறேன், இப்படி இருக்காது. மசோதா பற்றி ஒரு குறிப்பு எழுதுவதாகச் சொன்னார் மேடம்.

"ஒன்பதாம் பக்கத்துல அந்தத் தண்ணித் தொட்டி விஷயம் இருக்கே, அதைக் குழு ரொம்ப விவாதிச்சதாச் சொல்றாங்களே?"

ஒன்பதாம் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி கிடையாது. முப்பது பக்க மசோதாவில் எங்குமே கிடையாது. டிரைவர் திடுக்கிட்டு மேடத்தைப் பார்த்தார். நான் அவர் காலை மெதுவாக மிதித்தேன்.

தலைவர் கண்ணை மூடி, நினைவுகூர்வதுபோல் தலையாட்டினார். "தொட்டி... அதை ஏன் கேக்குறீங்க! ரெண்டு மணி நேரம் போச்சு. கடைசியில நான்தான் ஒரு முடிவுக்குக் கொண்டு வந்தேன்."

"என்ன முடிவு, சார்?"

"எல்லாருக்கும் திருப்தியான முடிவு."

அடுத்து டாக்டர். மனிதர் மருத்துவம் பார்த்து முப்பது வருஷம் ஆகிறது, ஆனால் சபையில் எல்லாரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தொட்டி என்றதுமே அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"நான் எதிர்த்தேன்! தொட்டி வச்சா கொசு வரும்னு பளிச்சுன்னு சொன்னேன். குறிப்புல இருக்கும், பாருங்க."

மூன்றாவது ஆள் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தார். தொட்டியை வடக்குப் பக்கம் தள்ளி வைக்கச் சொன்னதே தான்தான் என்றார். அப்புறம் மூன்று பேரைப் பார்த்தோம். ஒருவருக்குக் கூட, "எனக்கு ஞாபகம் இல்லை" என்று சொல்லும் தைரியம் இல்லை. படிக்காமல் கையெழுத்துப் போடுவதில் இவர்களுக்கு வெட்கம் இல்லை. படிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதில்தான் வெட்கம். இவர்கள் கையில்தான் தொண்ணூறு குடும்பத்தின் கூரை இருந்தது. எனக்கு உள்ளூர அருவருப்பாக இருந்தது.

"மேடம், இன்னும் ஒரு ஆள்கிட்ட கேட்டா அந்தத் தொட்டிக்குத் திறப்பு விழாவே நடந்துடும்."

ஏழாவது ஆள்தான் அழுகுணி. சபைத் தாழ்வாரங்களில் அவருக்கு அதுதான் பெயர். ஏழைகள் என்ற வார்த்தையைச் சொன்னால் மூன்றாவது வாக்கியத்தில் கண்ணீர் வந்துவிடும். பணிமனை மக்களுக்காக இந்த மசோதாவை முதலில் கொண்டுவந்தவரும் அவரே. டிரைவரைக் கண்டதும் எழுந்து வந்து கட்டிக்கொண்டார். டிரைவர் அவரை "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார்.

மேடம் தொட்டியை எடுத்துவிட்டார்.

அழுகுணியின் புருவம் சுருங்கியது. "தொட்டியா? என்ன தொட்டி? ஒன்பதாம் பக்கத்துல தொட்டியே கிடையாதேம்மா. அது நில விவரம் மட்டும்தான்."

"பன்னிரண்டு ஏக்கர் போகுதே, சார்?"

வந்துவிட்டது கண்ணீர். "அதை நினைச்சாலே நெஞ்சு அடைக்குதும்மா. அந்தப் பக்கம் சுத்தி வந்தப்போ வார்த்தை வார்த்தையாப் படிச்சேன். படிச்சுட்டு, பேனாவைக் கையில வச்சுக்கிட்டுப் பத்து நிமிஷம் உக்காந்திருந்தேன். ஆறு பேர் அந்தப் பக்கம், நான் மட்டும் இந்தப் பக்கம். கையெழுத்துப் போடலைன்னா மொத்த மசோதாவும் போயிடுமேன்னு, மனசைக் கல்லாக்கிக்கிட்டுப் போட்டேன்."

டிரைவருக்கும் கண் கலங்கிவிட்டது. வெளியே வந்ததும், "பாத்தீங்களாம்மா, அண்ணன் ஒருத்தர்தான் மனுஷன்," என்றார்.

"நானும் ஒத்துக்கறேன்," என்றேன். "ஏழு பேர்ல ஒருத்தராவது படிச்சிருக்காரே. அவருக்கு ஒரு மாலை போடலாம்."

"போடலாம்," என்றார் மேடம். "முதல்ல இதைப் பாருங்க."

மாடிப்படித் திருப்பத்தில் அகலமான ஜன்னல் விளிம்பு இருந்தது. அதில் மூன்று நகல்களையும் வரிசையாக வைத்தார்.

"எட்டாம் பக்கம். பக்கம் முழுக்க எழுத்து. கையெழுத்துப் போட இடம் இல்லை. ஏழு பேரும் எங்கெங்க போட்டிருக்காங்க?"

"ஓரத்துல, மூலையில, வரிக்கு நடுவுல," என்றேன். "ஒருத்தர் பக்க எண் மேலயே போட்டிருக்கார்."

"பத்தாம் பக்கமும் அப்படித்தான். இப்போ ஒன்பது."

ஒன்பதாம் பக்கத்தில், தாளின் நடுவுக்குச் சற்றுக் கீழே, ஏழு கையெழுத்தும் தாராளமாகக் கைகால் நீட்டி உட்கார்ந்திருந்தன. அதற்கு மேலே எழுத்தெல்லாம் பொடிப்பொடியாக, வரிக்கு வரி மூச்சுவிட இடமில்லாமல் நெருக்கியடித்திருந்தது. கையெழுத்துக்குக் கீழே கால் பக்கம் காலியாகக் கிடந்தது.

"கீழே இவ்வளவு இடம் இருக்கு," என்றார் மேடம். "அப்புறம் ஏன் மேலே போட்டு இந்த நெருக்கு நெருக்கணும்? இருபத்தாறு வருஷம் பக்கம் கட்டியிருக்கேன். மத்த பக்கத்துலயெல்லாம் கையெழுத்து எழுத்துக்கு ஒதுங்கியிருக்கு. இந்தப் பக்கத்துல எழுத்துதான் கையெழுத்துக்கு ஒதுங்கியிருக்கு."

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "கையெழுத்து முதல்ல வந்திருக்கு. வெறும் தாள்ல!"

"'ஏதாவது சின்னத் திருத்தம் வந்தா மறுபடி உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை'ன்னு ஒரு வெள்ளைத் தாளைச் சுத்த விட்டிருக்காங்க. ஏழு பேரும் போட்டுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. இப்போ சொல்லு. வெறும் தாளை வார்த்தை வார்த்தையாப் படிச்சது யாரு?"

டிரைவர் ஒன்பதாம் பக்கத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மேடம், நேத்து அச்சாகி வந்ததைப் படிச்சிருக்கலாமே?" என்றேன், டிரைவருக்காக.

"படிச்சிருக்கலாம். ஆனா கையெழுத்துப் போடும்போதே படிச்சேன்னு அழுதாரே, அது எதுக்கு? இன்னொண்ணையும் பாரு, ஒவ்வொரு இனிஷியல் பக்கத்துலயும் குறிச்சிருக்கிற எண்ணை. பக்கம் எப்பவும் தலைவர்கிட்ட ஆரம்பிச்சு, மேஜையைச் சுத்தி வரும். எட்டுலயும் பத்துலயும் தலைவர் முதல் ஆள், அழுகுணி நாலாவது. ஒன்பதுல அழுகுணி முதல் ஆள். தலைவர் அஞ்சாவது. அந்த வெள்ளைத் தாள் யார் கையிலிருந்து கிளம்பிச்சு?"

டிரைவர் மெதுவாகப் படியில் உட்கார்ந்தார்.

"சங்கத்து ஹால்ல அவர் படம் மாட்டியிருக்கோம்மா. என் பொண்ணு கல்யாணத்துக்கு முதல் பத்திரிகை அவருக்குத்தான் வச்சேன்." சட்டென்று எழுந்தார். "நான் போய் அவன் சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வர்றேன். சபாநாயகர் முன்னாடி நிறுத்தறேன்."

மேடம் வழியை மறித்து நின்றார். "நிறுத்தலாம். புகார் குடுத்தா விசாரணை வைப்பாங்க. விசாரணைன்னா மசோதா திரும்பக் குழுவுக்குப் போகும். சபை நாளைக்கு இல்லை. குழுவும் இல்லை, மசோதாவும் இல்லை. மறுபடி முதல்லேர்ந்து மனு எழுதணும்."

"அப்போ இவனைச் சும்மா விடணுமா?"

"பிழைதிருத்தச் சீட்டுக்கு ஏழு கையெழுத்து வேணும். அதுல ஒண்ணு அவரோடது. அவரைக் காட்டிக் குடுத்தா நாற்பது ஏக்கரும் போச்சு. காட்டிக் குடுக்கலைன்னா, நாற்பது ஏக்கரையும் வாங்கிக் குடுத்த மகான்னு இன்னிக்கு சாயங்காலம் பேர் வாங்கிட்டுப் போவார். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும். இது என் வீடு இல்லை."

கீழே யாரோ சிரித்துப் பேசியபடி போனார்கள். டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு நக்கலும் வாயில் வரவில்லை.

"வீடு வேணும்மா," என்றார் கடைசியில்.

மறுபடி அழுகுணியின் அறை. இந்தத் தடவை டிரைவர் வெளியிலேயே நின்றுகொண்டார். மேடம் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, உட்காராமலேயே கேட்டார்.

"அறக்கட்டளைத் தலைவி உங்களுக்கு என்ன உறவு?"

"சம்பந்தி. பையனோட மாமியார். அதுக்கென்ன இப்போ?" என்றவர் பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். நாங்கள் அதுவரை தெரியாமல்தான் கேட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

மேடம் ஒன்பதாம் பக்கத்தின் நகலை மேஜையில் விரித்து, கையெழுத்து வரிசையை விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டே வாக்கியம்தான் சொன்னார். அழுகுணியின் கண் தானாகக் கலங்க ஆரம்பித்தது.

"அது வேண்டாம், சார்," என்றேன். "கேமரா இல்லை."

கண்ணீர் நின்றது. குழாயை மூடின மாதிரி நின்றது. உள்ளே இருந்த ஆள் வெளியே வந்தார். "என்ன வேணும் உங்களுக்கு?"

"ஒன்பதாம் பக்கம் அச்சுப் பிழை, பழைய பக்கமே சரின்னு ஒரு சீட்டு. அதுல முதல் கையெழுத்து நீங்க போடணும்."

"போட்டா?"

"நான் புகார் குடுக்க மாட்டேன்."

மசோதாப் பிரிவு அதிகாரி சீட்டை அடித்துக் கொடுத்தபோது மணி இரண்டரை. அழுகுணி அதை இரண்டு முறை படித்தார், காற்புள்ளி விடாமல். கையெழுத்துப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிடும் போல அழுத்தினார். மற்ற ஆறு பேரையும் தேடி நாங்கள் மூன்று மாடி ஏறி இறங்கினோம். ஒருவர் போன் பேசிக்கொண்டே போட்டார். ஒருவர் சுவரில் வைத்துப் போட்டார். டாக்டர் கண்ணாடி இல்லாமலே போட்டார். ஆறு பேரில் ஒருவர் கூட என்ன சீட்டு என்று கேட்கவில்லை. தலைவர் மட்டும், "தொட்டி விஷயம்தானே? சரி பண்ணிடுங்க," என்றார்.

"கெடுத்ததும் இப்படித்தான், திருத்தினதும் இப்படித்தான்," என்றேன். சீட்டு தட்டில் சேரும்போது மணி மூன்று ஐம்பது.

நான்கு மணிக்கு நாங்கள் மூவரும் பார்வையாளர் மாடத்தில் இருந்தோம். கீழே பாதி நாற்காலிகள் காலி. மீதியில் பாதி பேர் குனிந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மசோதாவையும் சீட்டையும் அதிகாரி வாசித்தார். கைகள் எழுந்தன, இறங்கின. பதினோரு வருஷம் நடந்த விஷயம் மூன்று நிமிஷத்தில் முடிந்தது. டிரைவர் முன் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நாற்பது" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். அப்புறம் முழங்கையில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அழுகுணி எழுந்து பேசினார். பேசியது எட்டு நிமிஷம், அழுதது ஆறு நிமிஷம். கடைசி நேரத்தில் நுழைந்த ஒரு "கொடிய அச்சுப் பிழையை" தன் கழுகுக் கண்தான் கண்டுபிடித்தது என்றார். சபை மேஜையைத் தட்டியது. எனக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. மாடத்தில் துப்பக் கூடாது என்று போர்டு வைத்திருந்தார்கள்.

வெளியே வாசல் படிகளில் கேமராக்காரர்கள். அழுகுணி டிரைவரைக் கூட்டத்திலிருந்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தி, தோள் மேல் கை போட்டுக்கொண்டார்.

"சிரிங்க," என்று காதோரம் சொன்னார். "அடுத்த மாசம் தேர்தல். முதல் கூட்டம் உங்க குடியிருப்புலதான் வைக்கப் போறேன்."

டிரைவர் சிரிக்கவில்லை. கேமராவையே பார்த்துக்கொண்டு, பஸ் கிளம்பும் நேரம் சொல்கிற குரலில் பேசினார்.

"கண்டிப்பா வாங்க. அதுக்குள்ள அந்த ஒன்பதாம் பக்கத்தை நகல் எடுத்து, தொண்ணூறு வீட்டு வாசல்லயும் ஒட்டி வச்சிடறோம். முதல் கையெழுத்து யாரோடதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

அழுகுணி சட்டென்று மேடத்தைத் தேடினார். மேடம் இரண்டு படி கீழே நின்றிருந்தார்.

"புகார் குடுக்க மாட்டேன்னு சொன்னீங்களே!"

"நான் குடுக்கலை, சார்," என்றார் மேடம். "அவர் அப்படி ஒண்ணும் சொல்லலையே."

கேமராக்காரர் ஒருவர், இன்னும் ஒரே ஒரு படம், அப்படியே நில்லுங்கள் என்று கத்தினார். விளக்கு பளிச்சிட்டது. டிரைவர் அதுவரை அசையாமல் நின்றார். அப்புறம் திரும்பி, தன்னைவிட ஒரு ஜாண் உயரமான அந்த மனிதரை நேருக்கு நேர் பார்த்தார்.

"படம் எடுத்தாச்சு. கையை எடு."

எடுத்துவிட்டார்.